பச்சை காட்டும் பல்

பல் தேய்க்கும்போது எச்சிலில் ரத்தம் கலந்து வந்தது ஒரு சித்திரை மாதத் திங்கட்கிழமை. மதுவந்தி கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பிரஷ் புதிது, நார் கொஞ்சம் முரடு என்று நினைத்துக்கொண்டாள். ரத்தம் வந்தது கீழ்த்தாடையின் இடது பக்கம், காவல் பல்லைச் சுற்றி. காவல் பல்லுக்கே கோளாறு வரும் என்று 2071-ஆம் ஆண்டில் யாரும் நினைப்பதில்லை. கோளாறு வந்தால் சொல்வதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்கள்.

முப்பது வயது முடிந்தவுடன் எல்லோருக்கும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். சொத்தை இல்லாத நல்ல பல்லாக இருந்தாலும் சரி. அந்த இடத்தில் தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, மேலே வெள்ளைப் பல்லைப் பொருத்துவார்கள். அது நாள் முழுக்க எச்சிலைச் சோதிக்கும். சர்க்கரை, காய்ச்சல், இதயத் துடிப்பு, நாம் மென்றது, தூங்கியது எல்லாம் அதற்குத் தெரியும். கோளாறு என்றால் நம் பதிவில் சிவப்பு காட்டும். ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். இல்லாவிட்டால் பச்சை. பச்சையாக இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்க முடியாது. டாக்டர்கள் அருகிப்போன காலத்தில் கூட்டத்தைக் குறைப்பதற்காக வந்த சட்டம் அது. ஆரம்பத்தில் நிறையப் பேரைக் காப்பாற்றவும் செய்தது. மதுவந்தியின் அப்பாவுக்கு மாரடைப்பு வரப்போவதை இரண்டு நாள் முன்னதாகவே சொன்னது அவருடைய காவல் பல்தான்.

மதுவந்திக்கு நாற்பத்தொரு வயது. கோவை சிங்காநல்லூர் நலச் சேவை மையத்தில் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் இருக்கை. பச்சையாக இருந்தும் வந்து நிற்பவர்களிடம் பக்குவமாகப் பேசி வீட்டுக்கு அனுப்புவதுதான் வேலை.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் சின்னராசு. உக்கடத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. அது அவருடைய மூன்றாவது வருகை. இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"அம்மிணி, வாயெல்லாம் ஒரு கெட்ட ருசிங். துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி. இந்தப் பல்லுப் பக்கம் மெல்லவே முடியறதில்லைங்க."

மதுவந்தி திரையைப் பார்த்தாள். "உங்க பல்லு பச்சைதானுங்ணா காட்டுது. ஒண்ணும் இல்லீங்க."

"அது பச்சை காட்டுது, செரி. எனக்கு வலிக்குதே."

"வெதுவெதுப்பா உப்புத் தண்ணி கொப்பளிங்க. ரெண்டு நாள்ல செரியாப் போயிரும்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க." அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஒரு தடவ வாயத் தொறந்து காட்டட்டுங்களா? கண்ணால பாத்தாத் தெரியுமுங்க."

"நாங்க பாக்கக் கூடாதுங்ணா. சட்டம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கோபப்படவில்லை. மதுவந்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ரத்தம் நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் பல்லைச் சுற்றியிருந்த ஈறு சிவந்து தடித்தது. ஒரு மாதத்தில் அதே ஈறு கீழே இறங்கி, பல் மற்ற பற்களைவிட நீளமாகத் தெரிந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கண்ணாடி முன்னால் உதட்டை இழுத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்த பிறகுதான் அது உள்ளேயிருக்கும் உலோகம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கால் ஈறை அழுத்தினால் ஏதோ கசிந்தது. துருப்பிடித்த ஆணியின் ருசி என்று சின்னராசு சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது புரிந்தது.

கணவன் தனசேகரிடம் சொன்னாள். அவன் மின்சாரப் பேருந்துப் பணிமனையில் பொறியாளர். அவளுடைய பதிவைத் தன் கைப்பேசியில் திறந்து பார்த்தான்.

"பச்சைன்னுதான மது வருது?"

"எனக்கு வலிக்குதுங்க."

"வேலைல நாள் முச்சூடும் வலி வலின்னு கேட்டுக் கேட்டு உனக்கும் அப்படித் தோணுது. நீயே நம்பலைன்னா ஊர்ல வேற யாரு நம்புவாங்க?"

அவன் அன்பில்லாதவன் அல்ல. அன்றிரவு தயிர்சாதத்தை அவளுக்காகக் குழையப் பிசைந்து கொடுத்தான். ஆனால் வலியை மட்டும் நம்பவில்லை. மருந்துக் கடையிலும் அதே கதைதான். பச்சைக்கு வலி மாத்திரை கிடையாது. கிராம்பை வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.

ஒரு விடுப்பு நாளில் பீளமேட்டு மையத்துக்குப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று கண்ணாடியை எட்டியபோது உள்ளே இருந்த பெண் புன்னகைத்தாள்.

"உங்க பல்லு பச்சைதாங்க்கா காட்டுது. ஒண்ணும் இல்லீங்க. வெதுவெதுப்பா உப்புத் தண்ணி கொப்பளிங்க."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியம். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட அதேதான். மதுவந்தி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசினாலும் அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள் என்பது அவளுக்கு மனப்பாடம். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது, நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்த மாதிரி மூச்சு முட்டியது. இனிமேல் போவதற்கு இந்த ஊரில் ஒரு வாசல்கூட இல்லை.

ஆனி கடைசியில் கோமளா வந்தாள். சின்னராசுவின் மகள். இறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள்.

"எப்படிங்க ஆச்சு?" என்றாள் மதுவந்தி.

"கன்னத்துல இருந்த வீக்கம் தாடைக்குக் கீழ எறங்கி, கழுத்து வரைக்கும் வந்துருச்சுங்க. வாயத் தொறக்க முடியல. தண்ணி முழுங்க முடியல. ஆம்புலன்ஸ் வந்துச்சு. பல்லப் பாத்துட்டுப் பச்சைன்னு திரும்பிப் போயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரந்தான் மூச்சு இருந்துச்சு." அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தாள். "நீங்கதானுங்களே இங்க உக்கார்ற அக்கா? அந்தப் புள்ள தன்மையாப் பேசும்னு அப்பா சொல்வாரு."

மதுவந்திக்கு வாயில் ஊறிய கசிவை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"சூலூர்ல நாய்க்குப் பல்லுப் பாக்கற டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க" என்றாள் கோமளா. "முன்ன மனுசருக்குப் பாத்தவங்களாம். வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறதா இருந்தோம். புதங்கிழமையே போயிட்டாரு."

மறுநாள் காலை மதுவந்தி சூலூருக்குப் போனாள்.

பிராணிகள் மருத்துவமனையின் பின்பக்க அறையில் டாக்டர் ரூபி எபனேசர் ஒரு நாட்டு நாயின் வாயைக் கட்டைவிரலால் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைக் கடந்த, பருமனான பெண். நாயை இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே மதுவந்தியின் முகத்தைப் பார்த்தார். விளக்கைத் திருப்பினார்.

"உட்காருங்கம்மா. வாயைத் திறங்க."

மதுவந்தி அப்படியே நின்றாள். இந்த மூன்று சொற்களைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

"நாய்க்குக் காவல் பல் கிடையாது" என்றார் ரூபி, சிறு கண்ணாடி பொருத்திய குச்சியை உள்ளே விட்டபடி. "அதனால அதுங்களுக்கு இன்னும் வாயைத் திறந்துதான் பாக்கறோம். எத்தனை நாளா ரத்தம்?"

"ரெண்டரை மாசங்க."

"அழுத்தறேன், பொறுத்துக்குங்க." சீழ் வந்தது. பஞ்சால் துடைத்தார். இரண்டு கருவிகளின் பிடியால் பல்லை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "மேல இருக்கற பல் மட்டும் ஆடினா முடுக்கிவிட்டுப் போயிடலாம். இது திருகே ஆடுது. சுத்தி இருந்த எலும்பு கரைஞ்சிருக்கு. கீழ் உதடு மரத்த மாதிரி இருக்கா?"

"இல்லீங்க."

"நல்லது. அது வந்தா நரம்பு வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே பாத்தாகணும். காய்ச்சல்? முழுங்கறதுல சிரமம்?"

"நேத்துல இருந்து காய்ச்சல் மாதிரி இருக்குதுங்க. முழுங்க முடியுது."

ரூபி அவளுடைய தாடைக்குக் கீழே விரல்களை வைத்துத் தடவினார். வீக்கம் இன்னும் அங்கே இறங்கவில்லை.

"பல் வெச்ச புதுசுல நாலு நாள் வீங்கும், வலிக்கும், அது சகஜம். வருஷம் கழிச்சு ரத்தம் வர்றது சகஜமே இல்லை. அந்த முதல் நாளே வந்திருந்தா சுத்தம் பண்ணி, எப்படித் தேய்க்கணும்னு சொல்லி அனுப்பியிருப்பேன். பல்லும் நின்னிருக்கும்."

"என் பல்லு இத ஏனுங்க சொல்லல? ஒடம்புல எங்கயோ இருக்கற சக்கரையச் சொல்லுது."

"அது எச்சிலைத்தாம்மா பாக்குது. தன்னோட வேரைப் பாக்கறதுக்கு அதுக்கு வழி வைக்கலை. செஞ்சவங்களுக்கு அது கெட்டுப்போகும்னு தோணவே இல்லை." ரூபி ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். "எடுத்தாகணும். ஆனா எடுத்தா என்ன ஆகும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பல்லை எடுப்பது குற்றம். அது அனுப்பும் சைகை நின்றால் ஆறு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். வேலை போகும். அதைவிடப் பெரியது, பல் இல்லாத ஆளுக்கு ஆயுள் முழுக்க எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்காது.

"எடுக்கலைன்னா?"

"இன்னைக்கு முழுங்க முடியுதுன்னு சொன்னீங்க. எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

மதுவந்தி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒருவர் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"எடுத்துருங்க" என்றாள்.

ஊசி போட்ட பிறகு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிடித்து நிற்க எலும்பு இல்லாததால் திருகு நான்கைந்து சுற்றில் கழன்று வந்துவிட்டது. ரூபி குழியைக் கழுவிச் சுத்தம் செய்து, தையல் போட்டு, நாய்களுக்கு வைத்திருந்த கிருமிக்கொல்லி மாத்திரையை அவளுடைய எடைக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்தார். பல்லை ஒரு சிறிய மருந்து டப்பாவில் போட்டு அவள் கையில் வைத்தார்.

"கழுத்து வீங்கினாலோ, வாய் திறக்க முடியலைன்னாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. எந்த நேரமானாலும் இங்க வந்து கதவைத் தட்டுங்க."

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. ஆறு மணிக்குள் வந்துவிடுவார்கள். மதுவந்தி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தாள். காய்கறி வண்டி. பக்கத்து வீட்டுக்குப் பார்சல். ஐந்து மணிக்குத் தனசேகர் வந்தான். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். மேசைமேல் டப்பாவைப் பார்த்தான்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க தூக்கிட்டு ஓடறது?"

அவள் டப்பாவைத் திறந்து அவன் கையில் கவிழ்த்தாள். திருகின் இடுக்குகளில் கருத்து ஒட்டியிருந்ததை அவன் விரலால் தொட்டான். பழுதான எந்திரங்களைத் தினமும் பார்க்கிறவன். அதன் நாற்றம் அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். பிறகு இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான்.

"வரட்டும். நான் பேசிக்கறேன்."

ஆறு மணி ஆயிற்று. ஏழு ஆயிற்று. யாரும் வரவில்லை.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வாயின் அந்தப் பக்கத்தில் தையலின் குறுகுறுப்பு மட்டும்தான். வரப்போவதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மதுவந்தி அலுவலகத்துக்குப் போனாள். இருக்கையில் உட்கார்ந்ததும் தன் பதிவைத் திரையில் திறந்தாள்.

பச்சை.

நேற்றைய மதிய உணவை நன்கு மென்று உண்டிருக்கிறாள். ஏழு மணி நேரம் அயர்ந்து தூங்கியிருக்கிறாள். இன்று காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி. அவள் நேற்றிலிருந்து கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. இரவு முழுக்க விழித்திருந்தாள். பல் கைப்பையில் டப்பாவுக்குள் கிடந்தது. அவள் பதிவைப் பின்னோக்கி நகர்த்தினாள். ஒரு மாதம், இரண்டு மாதம், சித்திரைக்கும் முன்னால். எல்லா நாளுக்கும் ஒரே எண்கள், ஒரே வரிசை.

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சின்னராசுவின் கோப்பைத் திறந்தாள். தண்ணீர்கூட விழுங்க முடியாமல் அவர் இறந்த அந்தப் புதன்கிழமைக்கு நேராக எழுதியிருந்தது: மதிய உணவு, நன்கு மென்று உண்டார்.

மண்டல அலுவலர் நவநீதனின் அறைக்குள் அவள் அனுமதி கேட்காமலே நுழைந்தாள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய மேசைமேல் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

"என் பல்லுங் சார். நேத்து எடுத்தாச்சு. என் பதிவத் தொறந்து பாருங்க."

அவர் பார்த்தார். அதிர்ச்சியாக எதுவும் முகத்தில் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுங்களா சார்?"

"நாலு வருஷமா." அவர் உட்காரவில்லை. "பல்லால அளக்க முடியாத நேரத்துல பதிவு தானாவே பழைய கணக்கை வெச்சு நிரப்பிக்கும். முதல்ல ஒரு மணி நேரத்துக்குத்தான் அப்படி விட்டிருந்தாங்க. அப்புறம் பல்லைச் சுத்திக் கிருமி படிஞ்சு நிறையப் பல் குருடாப் போச்சு. அத்தனையும் ஒரே நாள்ல சிவப்பு காட்டினா ஆஸ்பத்திரி தாங்காதுன்னு, அந்த ஒரு மணி நேர வரம்பை எடுத்துட்டாங்க."

"அப்போ சைகை நிக்கறதே இல்லீங்களா?"

"இல்லை."

"சின்னராசுன்னு ஒருத்தர். மூணு தடவ எங்கிட்ட வந்தாருங் சார். மூணு தடவையும் நான் சிரிச்சுப் பேசி அனுப்பிச்சேன்."

டப்பாவிலிருந்த பல்லை எடுக்கக் கை நீட்டிய நவநீதன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மதுவந்தி, ஒண்ணு கேக்கணும். முதல்ல ரத்தம் வருமா?"

"ஆமாங் சார்."

"அப்புறம் வீக்கம், கெட்ட ருசி?"

"ஆமாங்."

"கீழ் உதடு மரத்துப் போறது?" அவர் விரல் தானாக வாயின் ஓரத்துக்குப் போயிற்று. "ஒரு வாரமா, காபி வழிஞ்சாக்கூடத் தெரியலை."

மதுவந்தி அவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் அவருடைய மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"எனக்கு வரலைங் சார். ஆனா அது வந்தா அன்னைக்கே பாக்கோணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களுக்கு ஒரு வாரமாச்சு."

"எங்க இருக்காங்க அவங்க?" குரல் இறங்கிவிட்டது. "என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. உங்க பல் விஷயம் இந்த அறையை விட்டு வெளிய போகாது. உங்க பதிவு என்னைக்கும் பச்சையா இருக்கும். வேலையும் போகாது. நான் பாத்துக்கறேன்."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளை முதல் அதே கண்ணாடி, அதே நாற்காலி, அதே உப்புத் தண்ணீர். தனசேகரும் நிம்மதியாகத் தூங்குவான். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் காலை வரிசை சேரத் தொடங்கிவிட்டது. யாரோ இருமினார்கள். ஒரு பெண் "இன்னும் எவ்வளவு நேரமுங்க?" என்று யாரிடமோ கேட்டாள்.

"வெளிய நிக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இப்படி இருக்கும் சார்?"

"தெரியாது. யாரும் பாத்ததில்லை."

"ஆமாங் சார்" என்றாள் மதுவந்தி. "நானும்தான் பாத்ததில்ல. உங்களக் கூட்டிட்டுப் போறனுங். ஆனா தனியா இல்லீங்."

"மதுவந்தி, வேண்டாம். எனக்கும் அதுக்கப்புறம் இங்க இடம் இருக்காது."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். தன் கண்ணாடிக்குப் பின்னால் போகாமல் நேராகக் கூடத்துக்கு வந்தாள். இருபது பேர் இருக்கலாம். சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் வந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"எல்லாருக்கும் பச்சைதான் காட்டுமுங்க" என்றாள். டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "இது என் பல்லு. எடுத்து ஒரு நாளாச்சு. இன்னும் பச்சைதான் காட்டுது. இனி அத நம்ப வேண்டாம். ஈறுல ரத்தம் வர்றவங்க, பல்லு ஆடறவங்க, வீக்கம் இருக்கறவங்க இப்படி வந்து நில்லுங்க. நம்ம எல்லாரும் சூலூருக்குப் போலாம்."

யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடு வரிசையில் நின்ற ஒரு பெண் முந்தானையைக் கன்னத்தில் அழுத்தியபடி ஓர் அடி எடுத்து வைத்து, அப்புறம் தயங்கி நின்றுவிட்டாள்.

மதுவந்திக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நவநீதன் கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து, அவள் காட்டிய இடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கன்னத்தை அழுத்திக்கொண்டு தயங்கி நின்ற அந்தப் பெண்ணுக்கு முன்னிடத்தை விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.